தாமதத்துக்கு எங்கே இடம் விடுவது?

வீடு கட்ட ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம் போடும்போது மழைக்கும் ஆள் தட்டுப்பாட்டுக்கும் எங்கே இடம் விடுகிறோம்? திட்டமிடும் முறைகள் பிரிவது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலும் நடப்பது, ஒவ்வொரு வேலைக்கும் நாலு நாள் கூட்டிப் போட்டுக்கொள்வது. அந்த நாட்கள் மிஞ்சுவதே இல்லை. கெடு இருக்கிறதென்று மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்புவார். கொத்து வேலை சீக்கிரமே முடிந்தாலும் எலக்ட்ரீஷியன் சொன்ன தேதிக்குத்தான் வருவார். தாமதம் மட்டும் தவறாமல் அடுத்த வேலையின் தலையில் விழும்.

பெர்ட் (PERT) என்ற திட்டமிடும் முறை 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. ஒரு வேலைக்கு மூன்று காலங்களைக் கேட்கும்: எல்லாம் கூடிவந்தால் 4 வாரம், வழக்கமாக 5, மோசமானால் 12. நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 6 வாரம். "மோசமானால் எவ்வளவு?" என்று கேட்க வைப்பதே இதன் பெரிய பலன். ஆனால் இது மிக நீளமான வேலைத்தொடரை மட்டும்தான் பார்க்கும். பூச்சு தொடங்கப் பிளம்பிங், வயரிங், ஜன்னல் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நேரத்தில் முடிய 80% வாய்ப்பு, ஒன்றையொன்று பாதிக்காது என்று வைத்துக்கொண்டாலும், மூன்றும் சேர்ந்து முடிய 51% தான்.

மான்டி கார்லோ முறைக்கு இது தெரியும். கணினி அதே அட்டவணையை, ஒவ்வொரு தடவையும் வேலைக் காலங்களைத் தற்செயலாக மாற்றி, ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, எந்தத் தேதிக்குள் முடிய எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். ஆனால் மழையை வேலைவாரியாகத் தனித்தனியே கொடுத்தால் விடை பொய்யாகிவிடும். மழை வந்தால் வெளிவேலை எல்லாமே ஒன்றாக நிற்கும். அதைவிட முக்கியம், அது தேதியைப் பொறுத்தது. சென்னையில் ஜூனில் இரண்டு வாரம் தாமதித்தால் போவது இரண்டு வாரம். அதே தாமதம் அஸ்திவாரம் தோண்டுவதைச் செப்டம்பரிலிருந்து அக்டோபருக்குத் தள்ளினால், வடகிழக்குப் பருவமழை குழியை நிரப்பிவிடும். தண்ணீரை இறைத்து, சரிந்த மண்ணை அள்ளி முடிப்பதற்குள் தாமதம் இரட்டிப்பாகும். ஆகவே மழையை நாட்காட்டியில் ஏற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997இல் முன்வைத்த கிரிட்டிக்கல் செயின் முறை, வேலைதோறும் ஒளிந்திருக்கும் உபரி நாட்களைப் பிடுங்கி, கடைசியில் எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே பஃபராக, அதாவது தாமதத்தைத் தாங்கும் கையிருப்பு நாட்களாக, வைக்கிறது. பாதி வேலை முடியும் முன்பே பஃபரில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்திருந்தால், கூடுதல் ஆள் போட வேண்டிய நேரம் அதுதான்.

பல பிளாக் அடுக்குமாடிக்கும் மெட்ரோவுக்கும் மான்டி கார்லோ செலவுக்குத் தகும். தனி வீட்டுக்கு என் தேர்வு பொது பஃபர். அதன் அளவை மட்டும் பெர்ட்டின் மூன்று கேள்விகளிலிருந்து எடுப்பேன். கிரகப்பிரவேசப் பத்திரிகையையும் பஃபர் முடியும் தேதியைப் பார்த்தே அடிக்கச் சொல்வேன். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தை ஒரு வாரத்தில் தவறவிட்டாலும், மார்கழியில் குடிபுக மாட்டோம். தை வரை வாடகை கட்ட வேண்டும்.