கேட்டில் குரைக்கும் நாயும் சோபாவில் உறுமும் நாயும்

எங்கள் தெருவில் இரண்டு நாய்கள். எதிர்வீட்டு மணி, ராஜபாளையம் கலப்பு. கேட்டருகே நிழல் ஆடினாலே தெரு அதிரக் குரைக்கும். சிலிண்டர் போட வருபவர் பத்தடி தள்ளியே நிற்பார். பக்கத்து வீட்டில் இருப்பது லாப்ரடார், சத்தமே கிடையாது. தெருவே மணிக்குப் பயப்படுகிறது. எனக்குப் பயம் லாப்ரடாரைப் பார்த்துத்தான்.

மணி குரைக்கும்போது கவனித்திருக்கிறேன். முன்னே பாயும், பின்னே வரும், நடுவில் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். பாட்டி வெளியே வந்து "சும்மா இருடா, நம்ம ஆளுதான்" என்றால் இன்னும் இரண்டு குரை, ஒரு முனகல், அவ்வளவுதான். திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கண் மட்டும் வந்தவர் மேலேயே இருக்கும், ஆனால் உடம்பு தளர்ந்துவிடும். காவல் நாய்க்கு அடையாளம் இந்தத் தளர்வுதான். எவ்வளவு சத்தமாகக் குரைக்கிறது என்பதை விட, வீட்டாள் சொன்னதும் அடங்குகிறதா என்று பாருங்கள்.

லாப்ரடார் சோபாவில் அந்த வீட்டு அக்காவை ஒட்டிப் படுத்திருக்கும். அவர் கணவர் அருகே வந்தால் மெல்லுவதை நிறுத்தும், வாயை மூடும், உடம்பு கட்டைபோல விறைக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும், வெள்ளை விழி தெரியும். பிறகு தொண்டைக்குள் ஓர் உறுமல். "என் மேல அவ்வளவு பாசம் இதுக்கு" என்பார் அக்கா. போன மாதம் அவர்களுடைய நான்கு வயது மகள் ஓடிவந்து அம்மா மடியில் ஏறப்போனாள். பல் அவள் சட்டைக் கையில் பட்டது.

யாரிடமிருந்து யாரைக் காக்கிறது அது? எலும்புத் துண்டைக் காப்பது போலத்தான் அக்காவையும் காக்கிறது. பாசம் இருக்கலாம், ஆனால் அந்த உறுமல் பாசத்தால் வருவதில்லை. கையில் இருப்பது பறிபோகும் என்ற பதற்றத்தால் வருகிறது.

உறுமியதற்காக அக்காவின் கணவர் அதை ஒருமுறை அடித்தார். அது பெரிய தவறு. உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பதற்றம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். வாலாட்டுகிறதே என்றும் ஏமாற வேண்டாம். விறைத்து உயர்ந்த வால் வேகமாக ஆடினால் அது நட்பு இல்லை.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் நாய் நல்ல காவல் காக்கும் என்ற நம்பிக்கை இங்கே நிறைய. கட்டிய நாய்க்கு விலகிப் போக வழியில்லை. அதனால்தான் எல்லோர் மேலும் பாய்கிறது. பார்ப்பதற்கு வீரம் போலிருக்கும், பெரும்பாலும் அது பயம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை குட்டி பலவகை மனிதர்களைப் பயமில்லாமல் பார்த்துப் பழகினால் இந்தப் பயம் பெரிதும் குறையும்.

இனம் ஒரு காரணமில்லையா என்று கேட்பார்கள். 2024 மார்ச்சில் 23 இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர்கள் கடித்துக் குதறின. பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிது, அதை மறுக்க முடியாது. ஆனால் எந்த நாய் எப்போது கடிக்கும் என்று இனப்பெயர் சொல்லாது. எங்கள் தெருவில் பல் பட்டது சாதுவென்று பெயரெடுத்த லாப்ரடாரின் பல்தான்.

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எங்காவது வலி இருக்கலாம். எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல் தவித்தால் கிட்டவே போகாதீர்கள், அது ரேபிஸாக இருக்கக்கூடும். தோலில் பல் கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

லாப்ரடாரின் காதைத் தூக்கிப் பார்த்த மருத்துவர் உள்ளே புண் என்றார். மருந்து போடுகிறார்கள். அது உறுமினால் அக்கா திட்டாமல் எழுந்து போய்விடுகிறார். உறுமினால் அக்கா கிடைக்கமாட்டார் என்று அதற்கு மெல்லப் புரிகிறது. ஹாலுக்குக் குறுக்கே இடுப்பளவு மரக்கதவு போட்டு, குழந்தையையும் நாயையும் தனியே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உறுமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அந்தக் கதவை இப்போதைக்கு எடுக்காதீங்க அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.