எம்ஜிபி: கைக்கு அடக்கமான செலவில் கியர்பாக்ஸா, எஞ்சினா?

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அதை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் எஞ்சின் அலறத் தொடங்கிவிடுகிறது என்பதுதான். இதைக் கேட்டவுடன் எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்று முடிவு கட்டி, கார்புரேட்டரிலும் கேம்ஷாஃப்டிலும் பணத்தைக் கொட்டத் தொடங்குபவர்கள் அதிகம். உண்மையில் அந்த 1798 சிசி எஞ்சினுக்கு அந்த வேகத்தில் சக்தி மிச்சமாகவே இருக்கிறது. இல்லாதது, அதை நிதானமாகச் சுழலவிடும் உயர்ந்த கியர் ஒன்றுதான். ஆகவே கையிலிருக்கும் தொகை குறைவு என்றால் முதல் செலவு கியர் விகிதத்துக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. எந்த வழியில் போவது என்பதில்தான் அலசுவதற்கு நிறைய இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நான்கு சிலிண்டர் எம்ஜிபியின் பின் ஆக்ஸில் விகிதம் 3.909, நான்காம் கியர் நேரடி இணைப்பு, அதாவது 1.00. (விகித எண் குறையக் குறைய, அதே வேகத்துக்கு எஞ்சின் சுழல வேண்டிய சுற்றும் குறையும்.) இந்த அமைப்பில் எஞ்சின் 1000 சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 29 கி.மீ. வேகம் போகும் என்பதால், 100 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 3470 சுற்றுகள் தேவைப்படுகின்றன. இதைக் குறைக்க மூன்று கியர்பாக்ஸ் வழிகள் நடைமுறையில் உள்ளன: எம்ஜிபிக்கென்றே வந்த லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸின் பின்னால் பொருந்தி எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர் தொகுதி), ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து கியர் பெட்டி, மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பெட்டி. பிந்தைய வகை ஓவர்டிரைவின் விகிதம் 0.82, டைப் 9இன் ஐந்தாம் கியரும் 0.82, மஸ்டாவினுடையது 0.814. மூன்றிலும் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2830 முதல் 2850 சுற்றுக்குள்தான் ஓடும். "ஐந்து கியர் போட்டால் ஓவர்டிரைவைவிட அமைதியாக இருக்கும்" என்று சொல்லி விற்பவர்களின் பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. நெடுஞ்சாலை ஓட்டத்தைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே. தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை கீழ் கியர்களும், பொருத்தும் வேலையும், செலவும்தான்.

கீழ் கியர்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே பற்கள் உராயாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கொண்ட எம்ஜிபி பெட்டியில் முதல் கியர் 3.44, இரண்டாவது 2.167, மூன்றாவது 1.382. டைப் 9இல் அவை 3.65, 1.97, 1.37. முதல் கியரில் 5000 சுற்று வரை கொண்டுபோய் இரண்டாவதுக்கு மாற்றினால், எம்ஜிபி பெட்டியில் எஞ்சின் சுமார் 3150 சுற்றுக்கு இறங்கும். டைப் 9இல் 2700க்கே இறங்கிவிடும். சியரா போன்ற குடும்பக் காரை முழுச் சுமையோடு மேட்டில் கிளப்புவதற்காக வைக்கப்பட்ட முதல் கியர் அது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் அது கிளம்பியவுடனே தீர்ந்துபோகிறது, அடுத்த கியரில் ஒரு பள்ளம் விழுகிறது. முதல் கியர் 3.36 ஆக இருக்கும் வி6 வகை டைப் 9 பெட்டியோ, முதல் கியரை மட்டும் நீட்டித் தரும் மாற்றுப் பல்சக்கரத் தொகுதியோ இதற்குத் தீர்வுதான். ஆனால் அவற்றைச் சேர்த்தால் செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். மஸ்டா பெட்டியின் 3.136, 1.888, 1.330 என்ற வரிசை இந்த எஞ்சினுக்கு மூன்றிலும் அழகாகப் பொருந்துகிறது. கியர் மாற்றும்போது கைக்குக் கிடைக்கும் அந்தக் குறுகிய, தெளிவான அசைவுக்காகவே அதை நாடுபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஓவர்டிரைவுக்கு இன்னொரு பலமும் உண்டு. எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் இது பொருந்தாது என்றாலும், மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அது வேலை செய்யும் வண்டிகளில், மூன்றாம் கியர் ஓவர்டிரைவ் 1.13 என்ற விகிதத்தைத் தருகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், கிளட்சை மிதிக்காமல் ஒரு சுவிட்சைத் தட்டிப் பெறும் கியர் அது. வளைவுகள் நிறைந்த சாலையில் மூன்றில் எஞ்சின் துடிக்கிறது, நான்கில் தொய்கிறது என்ற நிலை வரும்போது இதன் அருமை தெரியும். ஆக மொத்தம் ஆறு முன்னோக்கு விகிதங்கள். ஐந்து கியர் பெட்டியைவிட ஒன்று கூடுதல்.

பொருத்துவதில் உள்ள பாடு

எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. எஞ்சினைத் தூக்கியாக வேண்டும். பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வெளியே வரும். எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கூலி பொதுவானது என்பதால், ஒப்பிடும்போது அதைத் தனியாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது: கிளட்ச் தட்டு, எம்ஜிபியில் உள்ள கார்பன் ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றை அப்போதே மாற்றிவிட வேண்டும். இவற்றின் விலை சொற்பம். பிறகு இதற்காகவே மறுபடி எஞ்சினைத் தூக்கும் கூலி சொற்பமல்ல.

பொதுச் செலவைக் கழித்துவிட்டால் மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படுகிறது. 1968 மாடல் முதல் வந்த உடல்களில் ஓவர்டிரைவ் பெட்டி எந்த வெட்டும் ஒட்டும் இல்லாமல் உட்காரும். தாங்கிகளும் கியர் லீவர் துளையும் ஏற்கெனவே அதற்காகவே அமைந்தவை. ஒயரிங்கும் சுவிட்சும் மட்டும் சேர்க்க வேண்டும், ஸ்பீடோமீட்டரைச் சரிபார்க்க வேண்டும். டைப் 9க்குப் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறை), கிளட்ச் தட்டு, பின் தாங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாமே மாறும். இவை தொகுப்பாகக் கிடைப்பதால் வேலை சுலபம்தான். ஆனால் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்த பெட்டியின் விலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், அந்தத் தொகுப்பின் விலையைப் பார்த்துத்தான் முழுக் கணக்கைப் போட வேண்டும். இன்னொரு சிறு விஷயம்: டைப் 9 பெட்டியில் எண்ணெயை வடிக்க அடைப்பானே கிடையாது. ஆயுள் முழுக்க ஒரே எண்ணெய் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது அது. அப்படியானால், பழைய சியராவிலிருந்து கழற்றிய பெட்டியில் இருப்பது எந்தக் காலத்து எண்ணெய் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். திறந்து பார்க்காமல் பூட்டுவது சூதாட்டம்.

மஸ்டா பெட்டி இன்னும் ஒரு படி கூடுதல் வேலை வாங்கும். எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸின் பின்பகுதி ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தின் மூலம் டிஃபரன்ஷியலோடு (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பாகம்) பிணைக்கப்பட்டிருக்கும். வழக்கமான பின் தாங்கி அந்தப் பெட்டிக்கு இல்லை. எம்ஜிபியில் அந்தச் சட்டம் கிடையாது என்பதால், தாங்கியைப் புதிதாக உருவாக்க வேண்டும். நல்ல லேத் வேலையும் வெல்டிங்கும் கைவசம் உள்ளவருக்கு இது மகிழ்ச்சியான வேலை. எல்லாவற்றையும் வெளியில் கூலிக்குக் கொடுத்துச் செய்பவருக்கு, மூன்றிலும் அதிகச் செலவு வைப்பது இதுவாகவே இருக்கும்.

1967 வரையிலான முதல் தலைமுறை வண்டிகளில் மட்டும் என் தீர்ப்பு சற்று மாறுகிறது. அவற்றின் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. கியர்பாக்ஸ் உட்காரும், தரையின் நடு மேடை ஒடுக்கமானது என்பதால் பிந்தைய நான்கு சிங்க்ரோ பெட்டியை அப்படியே நுழைக்கவும் முடியாது. அக்காலத்து டி-டைப் ஓவர்டிரைவ், 0.802 விகிதத்தோடு, நன்றாகவே உழைக்கும். ஆனால் வண்டியைத் தினமும் நெரிசலில் ஓட்டுபவர், உருண்டுகொண்டிருக்கும் நிலையிலேயே முதல் கியர் போட விரும்புபவர் என்றால், அந்த உடலுக்கென்று வரும் ஐந்து கியர் தொகுப்புக்குச் செலவிடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆக்ஸிலை மாற்றினால் போதாதா?

கியர்பாக்ஸைத் தொடாமல், பின் ஆக்ஸில் விகிதத்தை மட்டும் 3.07 ஆக மாற்றிவிடலாமே என்ற யோசனை எப்போதும் எழும். 100 கி.மீ. வேகத்தில் சுற்று 2730க்கு வந்துவிடும், மூன்று கியர்பாக்ஸ்களையும்விடக் குறைவு, எஞ்சினைத் தூக்க வேண்டாம். காகிதத்தில் இதுதான் வெற்றி. ஆனால் இந்த மாற்றம் மேல் கியரை மட்டுமல்ல, நான்கு கியரையும் சேர்த்தே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீட்டிவிடுகிறது. முதல் கியரின் மொத்த விகிதம் 13.45இலிருந்து 10.56க்குச் சரியும், மேட்டில் கிளம்பும்போதெல்லாம் கிளட்ச் கருகும், முந்திச் செல்ல ஒவ்வொரு முறையும் கீழ் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். எம்ஜிபி ஜிடி வி8 காருக்கு அந்த விகிதம் சரியாக இருந்ததற்குக் காரணம், அதன் எஞ்சினின் முறுக்குவிசை நான்கு சிலிண்டரைவிட முக்கால் பங்கு அதிகம் என்பதே. போதாக்குறைக்கு, பழைய பாஞ்சோ ஆக்ஸிலின் உட்பாகங்களும் பிந்தைய குழாய் ஆக்ஸிலின் உட்பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆக்ஸிலில் செய்ய வேண்டிய மலிவான வேலை வேறொன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலும் தேய்ந்திருப்பவை டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்களே. புதிய ஆக்ஸிலுக்கு விலை கேட்பதற்கு முன் அவற்றை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், பந்தயம் ஓடாத 95 குதிரைத்திறன் வண்டிக்கு அநாவசியம்.

எஞ்சின் பக்கம்

எம்ஜிபியின் பி-சீரிஸ் எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலையில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, காற்றும் பெட்ரோலும் நுழையும் உள்வழி இரண்டே. ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்குவழியைச் சீர்படுத்தி, நல்ல கேம்ஷாஃப்டும் போட்டு, சிலிண்டரை 1868 சிசிக்குக் கடைந்தால் பலன் உண்டு. ஆனால் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது சுமாரான பலன்தான். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு ஒற்றை வெபர் 45 போடுவது தோற்றத்துக்கும் சத்தத்துக்கும் நன்றாக இருக்கும். சாலை ஓட்டத்தில், சரியாகப் பராமரித்த எஸ்யூ ஜோடியை அது பெரிதாக மிஞ்சிவிடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகள் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரோடு, 62.5 குதிரைத்திறன் அளவுக்கு முடக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட வண்டி கையில் இருந்தால், உள்ளூர் விதிகள் இடம் கொடுக்கும் பட்சத்தில், இரட்டை எஸ்யூவும் பழைய வகை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் போடுவதே எல்லாவற்றிலும் மலிவாகச் சக்தி பெறும் வழி. அங்கு மட்டும் கியர்பாக்ஸுக்கு முன்பாகவே இதைச் செய்யலாம்.

ரோவர் வி8 பற்றிப் பேசாமல் இந்த அலசல் முடியாது. 3528 சிசி கொண்ட அந்த அலுமினிய எஞ்சின், வார்ப்பிரும்பு பி-சீரிஸைவிட எடை கூடியதல்ல. ஆகவே 1967இல் வந்த ஆறு சிலிண்டர் எம்ஜிசியைப் போல மூக்கு கனத்துப்போகும் பிரச்சினை இதில் இல்லை. தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 2591 ஜிடி வி8 கார்களைச் செய்தது. 137 குதிரைத்திறன்; அந்தக் கால எம்ஜிபிக்கு அது தாராளம். எஞ்சினை மட்டும் விலை பேசினால் மலிவாகவே தோன்றும். ஆனால் அது உள்ளே வந்ததும் ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்ஸில் விகிதம், பிரேக் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் பாகனுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மின்மோட்டார் மாற்றத்தைக் குறைந்த செலவுப் பட்டியலில் வைத்துப் பேசுவதற்கே இடமில்லை; பேட்டரி ஒன்றே பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

பழைய ஓவர்டிரைவ் பெட்டியைப் பார்த்து வாங்குவது

1968 மாடல் முதலான வண்டிக்கு என் தேர்வு ஓவர்டிரைவ் என்பதால், பயன்படுத்திய பெட்டியை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தட்டைக் கழற்றி வடிகட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மைபோல நுண்ணிய சாம்பல் படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். பித்தளை நிறத்தில் பொடி மின்னினால் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. விலையைக் குறைத்துக் கேட்கலாம். நகத்தில் மாட்டும் அளவுக்கு எஃகுச் சில்லுகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

வண்டியில் பொருத்திய பிறகு ஓவர்டிரைவ் பிடிக்கவில்லை என்றால், உடனே பெட்டியைக் குற்றம் சொல்லாமல் முதலில் எண்ணெய் அளவையும், பிறகு ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தப் பாகமான சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதையும், கியர்பாக்ஸ் மேலிருக்கும் தடுப்பு சுவிட்சையும் பாருங்கள். கோளாறு அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். எண்ணெய் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலாகவே இருக்க வேண்டும். வழுக்கலைக் கூட்டும் சேர்ப்பொருள் எதையும் ஊற்றினால் உள்ளே இருக்கும் கூம்புக் கிளட்ச் நழுவத் தொடங்கும். சுவிட்சை அணைத்த பிறகும் ஓவர்டிரைவ் விடுபடாமல் சிக்கிக்கொண்டால் வண்டியை எக்காரணத்தைக் கொண்டும் பின்னோக்கி எடுக்காதீர்கள், கையால் தள்ளியும்கூட. உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் அந்தத் திசையில் சுழலாது, நொறுங்கிவிடும்.