ஆறு ஜொயின்ட்டும் புதுசு என்றார்கள்: பழைய ஜீப்புக்கு ஸ்டியரிங் வேலை செய்யக் கொடுக்கிறவர்கள் கவனம்

லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம, மஸ்கெலியா என்று தோட்டத்து ரோட்டில் பழைய ஜீப்பை வைத்து மல்லுக்கட்டுகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வழக்கு என்று அலைய என்னிடம் காசும் இல்லை, நேரமும் இல்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், இதே வேலையை வேறு எங்கேயும் யாராவது செய்யலாம்.

என்னுடையது லேண்ட் ரோவர் சீரிஸ் 3, பழைய ஸ்ரீ எழுத்து நம்பர், தாய்மாமா ஓட்டிய வண்டி. என்ஜின் மட்டும் நிசான் டீசல், மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் போட்டபடியே கிடக்கிறது. வாரத்தில் நாலு நாள் கரட், லீக்ஸ் மூட்டைகளை மேலேயிருந்து மெயின் ரோட்டுக்கு இறக்குவேன், சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் நல்லதண்ணிக்கு ஹயர் ஓடுவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள், திறந்த பிறகும் அந்த விலைக்குக் கிட்டப் போக முடியவில்லை. ஆகவே மாமாவின் ஜீப்தான் எனக்குச் சோறு போடுகிறது.

போன சீசனுக்கு முந்திய மழையில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. 40இல் போகும்போது ஒரு குழியில் விழுந்தால் முன் சில்லு இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும், வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருத்திக்கொண்டே போக வேண்டும். டயரும் ஓரத்தில் தேய்ந்திருந்தது. சீசனில் ஆட்களை ஏற்றப் போகிறோமே என்று பயந்து, டவுனில் பெரிய கராஜாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டேன். பெரிய கராஜ் என்றால் நல்ல வேலை என்று நினைத்தது முதல் பிழை.

பாஸ் கீழே படுத்து, ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற ஒரு ரொட்டைப் பிடித்து உருட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, எப்படி ஆடுது. ஆறு ஜொயின்ட்டும் போச்சு." நானும் குனிந்து பார்த்தேன், ரொட் முன்னும் பின்னும் உருண்டது, நம்பிவிட்டேன். அப்படி உருள்வது தேய்மானமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு முனையிலும் பால் ஜொயின்ட் (கிண்ணத்துக்குள் உருள்கிற இரும்புக் குண்டு, அதைத்தான் பால் என்கிறோம்) இருக்கிற ரொட்டைக் கையால் பிடித்துத் திருகினால் கொஞ்சம் உருளத்தான் செய்யும், புத்தம்புது ஜொயின்ட்டாக இருந்தாலும் உருளும். பார்க்க வேண்டியது அதுவல்ல. சில்லு தரையில் நிற்க, என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும், இன்னொருவர் ஜொயின்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். லூஸ் இருந்தால் 'டக்' என்று கையில் தட்டும். கண்ணுக்குத் தெரியாத லூஸ்கூடக் கைக்குத் தெரியும்.

ஆறு என்கிற கணக்கு மட்டும் பொய்யில்லை. சீரிஸ் வண்டியில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ரிலேக்கு (திருப்பத்தை நடுவில் வாங்கி அடுத்த ரொட்டுக்குக் கடத்துகிற சாமான்) ஒரு ரொட், ரிலேயிலிருந்து சில்லுக்கு ஒன்று, இரண்டு சில்லையும் சேர்த்துக் கட்டுகிற டை ரொட் ஒன்று, ஆக மூன்று. மூன்றுக்கும் இரண்டு முனை. ஒவ்வொன்றிலும் அரிசியளவு லூஸ் வந்தாலும் ஆறும் கூடி ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டமாக நிற்கும். அதனால் "ஆறையும் ஒன்றாக மாத்திடுவோம் தம்பி" என்று அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து ஜப்பான் ஒரிஜினல் எடுப்பிக்கிறேன், ஒன்று 7,500 ரூபா, கூலியோடு 58,000, இரண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க என்றார். இங்கிலாந்து வண்டிக்கு எங்கேயிருந்து ஜப்பான் ஒரிஜினல் வரும் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. சீட்டுக்காசை எடுத்துப் பாதியைக் கட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் போனால் ஜீப் மினுங்குகிறது. ரொட் எல்லாம் கறுப்புப் பெயின்ட், ஜொயின்ட்டுக்குப் புது ரப்பர், கொட்டர் பின்கூடப் புதுசு. ஓட்டிப் பார்த்தேன், ஆட்டம் சுத்தமாக இல்லை. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே பாஸ் என்றதற்கு, "புது ஜொயின்ட் அப்படித்தான் தம்பி, ஓட ஓட விட்டுக் குடுக்கும்" என்றார். இன்னொன்றையும் கவனித்தேன், ஸ்டியரிங் முன்பு நின்ற இடத்தில் அச்சொட்டாக நடுவில் நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோசம், என்ன சுத்தமான வேலை என்று! வீட்டில் போய்ப் பெருமையாக வேறு சொன்னேன்.

ஏழு வாரம். ஒரு நாள் பின்னேரம் ஒன்பது மூட்டை கரட்டோடு இறங்கிக்கொண்டிருந்தேன், இரண்டாம் கியர், நல்ல வேளையாக மெதுவாகத்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே உள்ள முடக்கில் ஸ்டியரிங்கை ஒடித்தேன், அது கையில் சும்மா சுற்றியது. கிணற்று ராட்டினம் மாதிரி. சில்லு அதன் பாட்டுக்கு நேராகப் போகிறது. அந்த முடக்கில் இடது பக்கம் மேடு, வலது பக்கம் கீழே லயம். ஜீப் இடது பக்கக் கானுக்குள் இறங்கித் தேயிலைச் செடியில் முட்டி நின்றது. வலது பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத விரும்பவில்லை. கொழுந்துக் கூடையோடு வந்த அக்காமார் இரண்டு பேர்தான் முதலில் ஓடி வந்து, "ஐயோ தம்பி, அடி கிடி பட்டிருச்சா" என்று கதவைத் திறந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை, மூட்டையைத்தான் எண்ணினேனாம், பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

தோட்டத்துப் பெக்டரியில் முன்பு பிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், கை மங்கவில்லை. அவரைக் கூட்டி வந்தேன். ரிலேயிலிருந்து சில்லுக்குப் போகிற ரொட்டின் முனையில் பால் கிண்ணத்தை விட்டுக் கழன்று தனியாகத் தொங்கியது. அவர் எதுவும் பேசாமல் ஜொயின்ட்டின் அடித்தட்டைச் சிரட்டைத் துண்டால் துடைத்து, அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். கறுப்புப் பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் பருக்கள், வட்டமாக.

"இது பழசு தம்பி. ஒங்க மாமா போட்டிருந்த அதே சாமான்."

அப்புறம் அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். தேய்ந்த ஜொயின்ட்டைக் கழற்றி, அடித்தட்டைப் பிரஸ்ஸில் வைத்து உள்ளுக்கு அமுக்குகிறார்கள், அமுக்கியது திரும்ப எழும்பாமல் சுற்றி வெல்டிங் அடிக்கிறார்கள். தட்டு பாலை நெரிப்பதால் லூஸ் போய்விடும், ஏன், புதுசைவிட இறுக்கமாகவே இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் உள்ளே கிறீஸ் கருகிவிடும், பிளாஸ்டிக் கிண்ணம் உள்ள ஜொயின்ட் என்றால் கிண்ணம் உருகும், கடினம் ஏற்றிய பால் பதம் இழக்கும். பதம் போன உருக்கும் கிறீஸ் இல்லாத கிண்ணமும் உராய்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? மேலே புது ரப்பரை மாட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குகிற நமக்கு என்ன தெரியும். ஓட ஓட விட்டுக் கொடுக்கும் என்று பாஸ் சொன்னாரே, அது மட்டும் உண்மையாகிவிட்டது.

மற்ற ஐந்தையும் பார்த்தோம், எல்லாம் அதே கதை. அதில் ஒன்றுக்கு முள்ளு (பாலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற புரி போட்ட தண்டு) இறங்குகிற கூம்புத் துளை தேய்ந்திருந்திருக்கிறது, அதற்குச் சோடா டின் தகட்டை வெட்டிச் சுற்றி ஏற்றி நட்டை முடுக்கியிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும்தான் பெரியவருக்குக் கோபம் வந்தது, அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. அந்தக் கூம்பு இரும்போடு இரும்பு இறுகிப் பிடிக்கிற இடம், நடுவில் தகடு வைத்தால் அது நசிந்து நசிந்து நட் இளகும், கடைசியில் முள்ளே முறியலாம்.

எனக்கு வெட்கமாகப் போனது அடுத்து அவர் காட்டிய இரண்டு விஷயத்தில்தான். ஜொயின்ட் ரொட்டுக்குள் புரி போட்டு ஏறுகிறது, வெளியே கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு முனை வலப்புரி, மறு முனை இடப்புரி, ரொட்டைச் சுழற்றினாலே நீளம் கூடும், குறையும். புது ஜொயின்ட் போட்டிருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும். என்னுடைய கிளாம்ப் போல்ட்டின் புரியில் பழைய துருவும் காய்ந்த சேறும் அப்படியே இருந்தன, அதன் மேலேயே பெயின்ட் ரொட், கிளாம்ப், ஜொயின்ட் என்று இடைவெளியே இல்லாமல் ஒரே தோலாக ஓடியிருந்தது. அதாவது ரொட்டோடு சேர்த்துக் கழற்றி, ரொட்டோடு சேர்த்து வெல்டிங் அடித்து, ரொட்டோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, அந்த நடுவில் நின்ற ஸ்டியரிங். ஆறு ஜொயின்ட்டையும் உண்மையாக மாற்றினால் ரொட்டின் நீளத்தில் நூலளவாவது வித்தியாசம் வரும், ஸ்டியரிங் பழைய இடத்தில் நிற்காது, பிறகு திருத்தித்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். துளி மாற்றம்கூட இல்லாமல் நின்றதென்றால் யாரும் எதையும் மாற்றவில்லை. நான் பெருமைப்பட்ட இடம் அது!

கராஜுக்குப் போனேன். சுருக்கமாகச் சொன்னால், "இது எங்க கராஜ்ல போட்டது இல்லையே" என்றார் பாஸ். என் கையில் இருந்தது கொப்பித் தாளைக் கிழித்து 'ஸ்டியரிங் வேலை 58,000' என்று எழுதிய துண்டு, பெயர் இல்லை, முத்திரை இல்லை, வண்டி நம்பர்கூட இல்லை. கொஞ்சம் சத்தம் போட்டதும், கல் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வாரண்டி இல்லை என்றார். போடவே இல்லை என்ற சாமானுக்கு ஏது வாரண்டிப் பேச்சு? பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் எதைக் காட்டிக் கொடுப்பது? அந்தக் கொப்பித் தாளையா? தயவுசெய்து பெயர் அச்சடித்த பில்லில், என்ன சாமான், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பழைய ஜொயின்ட்டைக் கையில் தரச் சொல்லி வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். ஆறு கழற்றினால் ஆறும் உங்கள் கைக்கு வர வேண்டும், 'இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு' என்ற பதில் வந்தால் மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். புதுசைப் பெட்டியோடு பார்த்துவிட்டுத்தான் மாட்ட விட வேண்டும். முடிந்தால் அன்று ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருங்கள்.

எத்தனை வருசம் தாங்கும் என்று கேட்டால், நம் ரோட்டில் அதைத் தீர்மானிப்பது ரப்பர்தான். ரப்பர் கிழிந்தால் சேற்றுத் தண்ணி உள்ளே போகும், கிறீஸ் வெளியே வரும், துரு அரத்தூள் மாதிரி பாலைத் தின்னத் தொடங்கும், ஒரு மழைக்காலம் போதும். மாமா கடைசியாக மாற்றியது 2009இல், அந்த ஆறும் இத்தனை வருசம் ஓடியதற்குக் காரணம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் அடியில் படுத்து ரப்பரைத் துடைத்துப் பார்த்ததுதான். நான் அதை விட்டுவிட்டேன், என் பங்குக் குற்றம் அது. கிறீஸ் நிப்பிள் உள்ள ஜொயின்ட் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை கை கன்னால் மெதுவாக அடியுங்கள், சேர்விஸ் ஸ்டேசனில் காற்றுக் கன்னால் அடித்து ரப்பரைப் பிதுக்கிக் கிழித்துவிடுகிறார்கள்.

இப்போது நானே கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, இடப்புரி மூன்று, வலப்புரி மூன்று என்று எண்ணி வாங்கி வந்தேன், இதற்கு மறுபடி கடன். பெரியவர்தான் மாட்டினார். தகடு சுற்றி ஏற்றிய அந்தத் துளை இருந்த இரும்புக் கையையும் வேறு வாங்கி மாற்றினோம். முள்ளைக் கழற்ற அவர் கவை போட்டு நெம்பவில்லை, கூம்புக் கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஓர் அடி, பொத்தென்று விழுந்தது. முன் சில்லு இரண்டுக்கும் இடையில் உள்ள அளவை டேப் வைத்துப் பார்த்தார், சில்லின் முன்பக்கத்து இடைவெளி பின்பக்கத்து இடைவெளியைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் வரை உள்ளே ஒடுங்கியிருக்க வேண்டுமாம், மங்கிய கண்ணோடு மூன்று தரம் அளந்தார்.

ஸ்டியரிங் இப்போது நடுவில் இல்லை, இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து ரொட்டைச் சுழற்றி நேராக்கித் தருகிறேன் என்றிருக்கிறார். அவசரமில்லை ஐயா என்று சொல்லிவிட்டேன்.