துணி பிழியும் மெஷினுக்கு 7,400 ரூபாய் கட்டி ஏமாந்த கதை: யாரும் வாங்கிவிடாதீர்கள்

7,400 ரூபாய். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், நேற்று ராத்திரியிலிருந்து அது ஒன்றுதான் தலைக்குள் ஓடுகிறது. கையால் சுற்றித் துணி பிழியும் மெஷின் என்று ரீல்ஸில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுத்து, முழுப் பணத்தையும் யூபிஐயில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எதற்கும் உதவாத ஒரு சாமானை அனுப்பிய ஆளைப் பற்றிய பதிவு இது. கடைப் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆசாமியின் பேச்சை எழுதுகிறேன், உங்களுக்கே பிடிபடும். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது குன்னூரில். மாடியில் இரண்டு அறைகளை டூரிஸ்ட்களுக்கு விடுகிறோம். ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலையில் பெய்யும் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அப்போது பெட்ஷீட்டும் டர்க்கி டவலும் காய்வதே இல்லை. ஈரம் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் மறுநாள் முகர்ந்து பார்க்க முடியாது. வீட்டில் செமி ஆட்டோமேட்டிக் மெஷின் இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் மரம் விழுந்து கரண்ட் போகும். கரண்ட் இருந்தால் வோல்டேஜ் இருக்காது, ஸ்பின்னர் முனகிக்கொண்டே நின்றுவிடும். துவைக்க வருகிற அக்காவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குவோம். அக்காவுக்கு இப்போது மணிக்கட்டு வீங்கி, டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. இதற்காகத்தான் தேடினேன்.

இந்த மெஷின் எனக்குப் புதிதும் இல்லை. அப்பா டீ எஸ்டேட்டில் கிளார்க். அங்கே பங்களாவின் பின்வராந்தாவில் வெள்ளைக்காரர் காலத்து ஒன்று நின்றது. வார்ப்பிரும்புச் சட்டம், இரண்டு பெரிய மர உருளை, தலையில் திருகுச் சக்கரம். அந்தச் சக்கரத்தைத் திருகினால் உருளைகள் நெருங்கும், பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் துணியை உள்ளே இழுத்து மறுபக்கம் அப்பளமாகத் தள்ளும். பார்க்காதவர்கள் கையால் சுற்றும் கரும்பு ஜூஸ் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். அதனால் ரீல்ஸில் ஒருவர் தண்ணீர் சொட்டும் ஜீன்ஸை இரண்டு உருளைக்கு நடுவில் விட்டு, கைப்பிடியைச் சுற்றி, மறுபக்கம் தட்டையாக எடுத்துக் காட்டியதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படிச் செய்ய முடியும் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

இருந்தும் கேள்வி கேட்காமல் பணம் போடவில்லை. உருளை என்ன ரப்பர், பல்சக்கரம் இரும்பா, பக்கெட்டில் மாட்டலாமா என்று வரிசையாகக் கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. நல்ல கோயம்புத்தூர்ப் பேச்சு. "ஏனுங்க அக்கா, இவ்வளவு தெளிவா யாருமே கேக்கறதில்லீங்க. நம்ம ஊரு ஃபவுண்டரில ஊத்துன கியருங்க. ரோலர் மெதுவான ரப்பரு, பட்டன் உடையாதுங்க. மொத்தம் ஒம்பது கிலோ வரும்." கூடவே ஒரு போட்டோ: மேஜையில் கறுப்பாக எண்ணெய் மினுங்கும் இரும்புப் பல்சக்கரம், பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு பத்து ரூபாய்க் காசு. அந்தக் காசை வைத்திருந்த விதத்திலேயே நம்பிவிட்டேன். ஏமாற்றுகிறவன் காசு வைத்து அளவு காட்டுவானா என்று தோன்றியது. பேச்சுவாக்கில் எஸ்டேட் பங்களா மெஷினைச் சொன்னேன். "அப்பா எந்த எஸ்டேட்டுங்க அக்கா? எங்க தாத்தா வால்பாறைல பேக்டரி மேஸ்திரியா இருந்தவருங்க" என்றான். அதோடு முடிந்தது. அடுத்த நிமிடம் 7,400 ரூபாயும் போய்ச் சேர்ந்தது. கேஷ் ஆன் டெலிவரி ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "வெயிட்டு ஜாஸ்திங்க, கொரியர்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று பதில். ஒன்பது கிலோ இரும்பு என்றால் அதுவும் நியாயமாகத்தானே தெரிகிறது!

பெட்டி வந்தது. ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.

இரும்பு என்று இருந்தது கைப்பிடிக் கம்பியும் நான்கு போல்ட்டும்தான். சட்டம் தகரம், மேலே வெள்ளி பெயின்ட். பல்சக்கரம் பிளாஸ்டிக், அதற்கும் கறுப்புப் பெயின்ட். சரி, வேலை செய்தால் போதும் என்று மாட்டப் பார்த்தேன். அடியில் இருந்த கிளாம்ப் நேரான விளிம்புக்குச் செய்தது. நம் பிளாஸ்டிக் பக்கெட்டின் உருண்டை விளிம்பில் வழுக்குகிறது. சிமென்ட் தொட்டியின் சுவருக்கு வாய் பற்றவில்லை. கடைசியில் பழைய ஸ்டூலில் வைத்து இறுக்கினேன். கைக்குட்டை போனது, தலையணை உறை போனது. டர்க்கி டவலை விட்டதும் "டக், டக், டக்" என்று பல்சக்கரம் பல் தாண்டியது. இரட்டை பெட்ஷீட்டை மடித்து விட்டதும் அது நேராகப் போகாமல் வலப்பக்கமே நகர்ந்து நகர்ந்து, ஓரத்தில் பல்சக்கரத்துக்குள் சிக்கிச் சுருண்டது. வெள்ளை பெட்ஷீட், நடுவில் கிரீஸ் கறை. அதை இழுத்து எடுப்பதற்குள் கைப்பிடி தனியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் சுற்றுகிறேன், உருளை சும்மா நிற்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிரித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், எங்கே கைவைத்திருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

முதலில் ரப்பர். நல்ல மெஷினில் இரும்புத் தண்டின் மேலேயே ரப்பரை வைத்து வெந்து பிடிக்கச் செய்திருப்பார்கள், வல்கனைஸ் செய்வது என்பார்களே, அது. தண்டு சுற்றினால் ரப்பரும் சுற்றியே ஆக வேண்டும், தனியாகக் கழல வழியே இல்லை. இதில் ரப்பர் குழாயை வெட்டித் தண்டில் சொருகிப் பசை போட்டிருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் பட்டதும் பசை விட்டது, உள்ளே தண்டு சுற்றுகிறது, வெளியே ரப்பர் நிற்கிறது. அந்த ரப்பரும் கல் மாதிரி. மெதுவாக இருந்தால்தான் பட்டனும் தையல் மடிப்பும் போகும்போது அந்த இடத்தில் மட்டும் அமுங்கிக் கொடுக்கும், மற்ற இடத்தில் துணியை விடாமல் பிடிக்கும். கெட்டி ரப்பரில் பட்டன் இருக்கிற இடம் உருளையையே தூக்கிவிடும், சுற்றிலும் உள்ள துணி ஈரத்தோடு வெளியே வரும்.

அடுத்து தண்டு. கெட்டிக் கம்பி இல்லை, மெல்லிய குழாய். இரண்டு ஓரத்தில் ஸ்பிரிங் அழுத்த, நடுவில் துணி எதிர்த்துத் தள்ள, குழாய் வில்லாக வளைகிறது. அதனால்தான் தலையணை உறையின் ஓரம் உலர்ந்து, நடுவில் தண்ணீர் அப்படியே இருந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இல்லை. அண்ணன் இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார், ஒன்று சுலபமாக அமுங்கியது. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் துணி நேராகப் போகாமல் ஓரம் கட்டும். பெட்ஷீட் வலப்பக்கம் ஓடியதற்குக் காரணம் இதுதான். பழைய மெஷின்களில் மேலே ஒரே திருகு, அதன் கீழே முழு நீளத்துக்கும் பட்டை ஸ்பிரிங் இருக்கும், திருகினால் இரண்டு பக்கமும் சமமாக இறங்கும்.

பல்சக்கரத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. சாதாரணமாகப் பல்சக்கரங்கள் இரண்டின் நடுத் தூரம் மாறவே கூடாதாம். ஆனால் இந்த மெஷினில் மாறித்தான் ஆக வேண்டும், தடிமனான துணி போனால் மேல் உருளை எழும்ப வேண்டுமே! அதற்காகவே பல்லை நீளமாக வைப்பார்களாம், உருளை விலகினாலும் பல் நுனி கோத்துக்கொண்டே இருக்கும். இதில் பல் குட்டை. டவல் போனதும் சக்கரங்கள் விலகிவிட்டன, நுனியோடு நுனி உரசிப் பல் முறிந்துவிட்டது. "இதுக்குப் பல்லே வைக்காம விட்டிருக்கலாம், கீழ் ரோலரை மட்டும் சுத்தினா துணியோட உரசல்லயே மேலது தானா வரும்" என்றார்.

கைப்பிடியையும் காட்டினார். அதன் நீளம் 20 செ.மீ., உருளையின் ஆரம் 2.5 செ.மீ. கை கொடுக்கிற விசை உருளையில் எட்டு மடங்காக வருகிறது. அவ்வளவு விசையையும் தாங்க, கைப்பிடியைத் தண்டோடு சேர்த்திருப்பது ஒரு சின்ன ஸ்குரூ! தண்டில் ஓட்டை போட்டு முள் அடித்திருக்க வேண்டும், அல்லது தண்டைச் சதுரமாகச் சீவியிருக்க வேண்டும். "சரி பண்ணித் தர முடியுமாண்ணா" என்றேன். "சட்டத்தைத் தவிர எல்லாம் புதுசா போடணும்மா. சட்டமும் தகரம்" என்றார். கூலி வாங்கவில்லை.

இனி அந்த ஆசாமி. முதல் மெசேஜுக்கு உடனே பதில்: "கவலையே படாதீங்க அக்கா, மாத்திக் கொடுத்துடலாமுங்க." வீடியோ கேட்டான், அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை என்றான், வெயிலில் வைத்து எடுத்து அனுப்பினேன். டெக்னிகல் டீம் பார்க்கிறது என்றான். பிறகு பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டான். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று பணம் வாங்கும்போது சொன்னானா? இல்லை. அதன் பிறகு ஏனுங்க போனது, அக்கா போனது, "மேடம்" வந்தது. ஓவர்லோடு செய்ததால் வாரண்டி கிடையாது மேடம். இது கார் துடைக்கிற துணி பிழிகிற மாடல் மேடம், பெட்ஷீட்டுக்கு நீங்கள் போட்டிருக்கக் கூடாது. ஜீன்ஸ் போகிற வீடியோவைக் காட்டி விற்றவன் சொல்கிறான் இதை! அந்த வீடியோவையே திருப்பி அனுப்பினேன். "அது ரெஃபரன்ஸ் வீடியோ மேடம்." ஒன்பது கிலோ என்றாயே என்றேன். "பேக்கிங்கோட சேர்த்து சொன்னது." எந்தப் பேக்கிங் ஆறேழு கிலோ இருக்கும்? கடைசியாக, 900 ரூபாய் அனுப்பினால் ஸ்பேர் கியர் செட் அனுப்புகிறேன் என்றான். வாயில் வந்ததை டைப் செய்தேன். நீல டிக் வந்தது. பிறகு புரொஃபைல் படம் மறைந்தது, பிளாக்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மகன் இந்த மெஷினைப் பற்றி நெட்டில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெயரைக் காட்டினான். எலன் எக்லின், அமெரிக்காவில் வாஷிங்டனில் வீட்டு வேலை செய்த கறுப்பினப் பெண். துணி பிழியும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, 1888-இல் அதன் உரிமையை வெறும் 18 டாலருக்கு ஒரு ஏஜென்ட்டிடம் விற்றிருக்கிறார். கறுப்புப் பெண் செய்தது என்று தெரிந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் வாங்க மாட்டார்கள் என்பதால் விற்றாராம். வாங்கியவர் அதில் நன்றாகச் சம்பாதித்தார். துவைத்துத் துவைத்துக் கை வலித்தவர் யோசித்த சாமானில் அன்றைக்கும் காசு பார்த்தது துவைக்காத ஆள். 7,400 ரூபாய் போன வயிற்றெரிச்சலில் எனக்கு அது வேறு சேர்ந்துகொண்டது.

இப்போது 1915-க்குப் போன் செய்து, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளில், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. கடைக்கு முகவரி இருந்தால்தானே இதெல்லாம்! பில்லில் இருக்கிற முகவரியில் கதவு எண்ணே இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில: முழுப் பணம் முன்கூட்டிக் கேட்டால் வாங்காதீர்கள். எடை எத்தனை கிலோ என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ரப்பரில் நகத்தை அழுத்தினால் பதிந்து திரும்ப வேண்டும். உருளையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், கைப்பிடி தனியாகச் சுற்றினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். உங்கள் தொட்டி விளிம்பை அளந்துகொண்டு போங்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பணம் போனது மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்று காலை அதே ஜீன்ஸ் வீடியோ வேறு கடைப் பெயரில் என் மகனுக்கு வந்திருக்கிறது. விலை இப்போது 6,999, "தீபாவளி ஆஃபர்" என்று போட்டிருக்கிறான். குன்னூர், கோத்தகிரி, கோவைப் பக்கம் யாருக்காவது இதே வெள்ளி பெயின்ட் அடித்த தகரம் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அவன் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். என்னிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பத்து ரூபாய்க் காசு போட்டோ உட்பட.