காலில் 93, நெற்றியில் 68

சாட்ஸ்வொர்த்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டிக்கு இன்னும் தமிழ் நன்றாக வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் குறைமாதக் குழந்தைகள் வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் நான்தான் என்று கண்டுபிடித்து, திரையைக் காட்டிக் கேட்டார்: "ஏம்மா, காலில் 93, நெற்றியில் 68. எது சரி?"

"ரெண்டும் சரிதான், பாட்டி."

காலில் கட்டியிருப்பது பல்ஸ் ஆக்சிமீட்டர். நாடித் துடிப்போடு வரும் தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று அது சொல்கிறது. நெற்றியில் ஒட்டியிருப்பது நிர்ஸ் (NIRS), மூளைத் திசுவின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் கருவி. அதன் அண்மை அகச்சிவப்பு ஒளி பிஞ்சு மண்டையோட்டைத் தாண்டி மூளைத் திசுவுக்குள் போய்த் திரும்புகிறது. அங்கே அது பார்க்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிரை ரத்தம், அதாவது மூளையிலிருந்து திரும்பும் ரத்தம். அதனால் மூளை எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்பதையே அந்த எண் காட்டுகிறது. பந்திக்குப் போகும் வாளியில் சோறு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒன்று பார்க்கிறது. பரிமாறி முடித்தபின் வாளியில் என்ன மிச்சம் என்று மற்றது பார்க்கிறது.

இந்த வித்தியாசத்தை ஒரு ராத்திரி கண்ணால் பார்த்தேன். வென்டிலேட்டரில் ஒரு கிலோகூட இல்லாத குழந்தை. கால் 94-ல் அசையாமல் நின்றது. நெற்றி 66-லிருந்து 52-க்கு இறங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அது அளவுக்கு மேல் வெளியேறாமலிருக்க டாக்டர் வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்தார், நெற்றி எண் மெல்ல ஏறியது. ஆக்சிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால் விடியும்வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் நிர்ஸ் வேண்டுமா? வேண்டும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளை 17 நாடுகளில் சேர்த்த சேஃப்பூஸ்-சி ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. முதல் 72 மணி நேரம் நிர்ஸைப் பார்த்துச் சிகிச்சை தந்த குழுவில் மரணமோ கடும் மூளைப் பாதிப்போ 35.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 34. பலன் தெரியவில்லை. ஆக்சிமீட்டருக்கும் குறை உண்டு: கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், நாடி பலவீனமானால் தடுமாறும். இந்த ஊரில் இரண்டையும் மறக்கக் கூடாது. ஆனாலும் மலிவு, திரும்பத் திரும்பப் பயன்படும். நெற்றியில் ஒட்டும் நிர்ஸ் பட்டை பெரும்பாலும் ஒரு குழந்தைக்குப் பயன்படுத்தியதும் குப்பைக்குப் போகும். ஈரக் காகிதம் போன்ற தோலிலிருந்து அதை உரிப்பதும் எனக்குப் பயம்தான்.

நிர்ஸ் கருவிகளுக்குள்ளும் ஒப்பீடு வேண்டும். இன்வோஸ், ஃபோர்சைட் இரண்டும் ஒரே தலையில் ஒரே எண்ணைக் காட்டாது. இன்வோஸிலேயே பெரியவர்களுக்கான பட்டையைவிடப் பச்சிளங்குழந்தைப் பட்டை சுமார் 10 கூடுதலாகக் காட்டும். முதல் ஆய்வுகள் வைத்த 55 என்ற கீழ் எல்லை பெரியவர் பட்டைக்கானது. அதை அப்படியே வேறு பட்டைக்குப் போட்டால், தவிக்கும் குழந்தையை நலம் என்று நினைத்துவிடுவோம்.

10 படுக்கை வார்டுக்குப் பணம் அளந்துதான் வரும் என்றால், முதலில் ஒவ்வொரு படுக்கைக்கும் நல்ல ஆக்சிமீட்டர் கேட்பேன். அப்புறம் ஒரே ஒரு நிர்ஸ்: வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு, மூச்சுத்திணறிப் பிறந்து மூளையைக் காக்க உடல் குளிரூட்டப்படுபவர்களுக்கு, இதயக் கோளாறோடு அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு. கூடவே, எந்தப் பட்டை ஒட்டப்பட்டது என்று எழுத சார்ட்டில் ஒரு கட்டம்.