மீசையில் மண் ஒட்டினால் தப்பித்தாய்

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிப்பவர்களை நாம் கேலி செய்வோம். பிரான்சின் மேற்கு முனையான பிரெத்தாஞ்சில் கூரென் என்றொரு மற்போர் இருக்கிறது. அங்கே அந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது. மீசையில் மண் ஒட்டியவன் பிழைத்தான், முதுகில் ஒட்டியவன் தோற்றான். இதை உடம்பால் புரிந்துகொள்ள எனக்குப் பத்து மாதங்கள் பிடித்தன.

கெம்பேர் நகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரின் கூரென் சங்கம் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. சென்ற செப்டம்பரிலிருந்து ஜூன் வரை அதில் பயின்றேன். சேரலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது 43. பால் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். இதற்கு முன் நான் ஒழுங்காக ஆடிய ஒரே விளையாட்டு கேரம். என்னைப் போன்றவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்ற தயக்கத்தோடுதான் போனேன். பயிற்சியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விழத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லது, தப்பாகக் கற்றுக்கொண்டதை மறக்கவைக்கும் வேலை எனக்கு இல்லை" என்றார்.

முதல் ஆறு வாரங்கள் விழுவதைத் தவிர வேறு எதையும் அவர் சொல்லித் தரவில்லை. சலிப்பாக இருந்தது உண்மை. பணம் கட்டியது கீழே உருளுவதற்கா என்று மனைவியிடம் புலம்பினேன். இப்போது திரும்பிப் பார்த்தால், கட்டிய பணத்துக்கு முழுப் பலன் கிடைத்தது அந்த ஆறு வாரங்களில்தான். ஜனவரியில் தொழிற்சாலையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தபோது, கையை ஊன்றாமல், தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளில் உருண்டு எழுந்துவிட்டேன். மேற்பார்வையாளர் மருத்துவரை அழைக்க ஓடினார். நான் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கூரெனில் தரையில் கிடந்து கட்டிப் புரளும் வேலையே கிடையாது. நின்றபடியே தொடங்க வேண்டும், நின்றபடியே முடிக்க வேண்டும். எதிராளியின் சட்டையைப் பற்றலாம், கால்சட்டையைத் தொடக்கூடாது. காலை அவன் காலில் கொக்கிபோல் மாட்டி இழுக்கலாம். இதற்குக் கிளிகெத் என்று பெயர். எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளும் ஒரே நேரத்தில், உடலின் வேறெந்தப் பகுதிக்கும் முன்பாகத் தரையைத் தொட்டால் அது லாம். லாம் விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. ஒரு தோள்பட்டை மட்டும் பட்டால் கோஸ்தின், இடுப்புப் பக்கம் பட்டால் கெய்ன். பெரியவர்களுக்கான ஏழு நிமிடங்களும் லாம் இல்லாமல் கழிந்தால்தான் இவற்றை எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். முகம் குப்புற விழுந்தால் நேத்ரா. பிரெத்தாஞ்சின் சொந்த மொழியான பிரெத்தோனில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.

ஆகவே இங்கே தேர்ந்த வீரனுக்கு அழகு, விழும்போதே காற்றில் பூனைபோலத் திரும்பி வயிற்றில் விழுவது. எங்கள் வகுப்பில் பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளை ஓர் ஆண்டு முழுவதும் என்னால் மல்லாத்தவே முடியவில்லை. தூக்கினால் திரும்பிவிடுவாள். தூக்காவிட்டால் அவள் என்னைத் தூக்குவாள்.

பயிற்சியாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் பன்றிப் பண்ணை, மாலையில் கூரென். 1520ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியோடு மல்லுக்கு நின்று அவரைக் கீழே தள்ளிய கதையைச் சென்ற வாரம் நேரில் பார்த்ததுபோல விவரிப்பார். மன்னர் போட்டது பிரெத்தோன் பிடிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு அதைவிடப் பிடித்தது மருத்துவர் ஷார்ல் கொத்தொனெக்கின் கதை. ஊர்க் கோயில் திருவிழாக்களை நம்பியே வாழ்ந்த இந்த ஆட்டம் நலிந்துகொண்டிருந்தபோது, கெம்பெர்லே ஊரைச் சேர்ந்த அவர் 1928இல் கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலிருந்து மல்லர்களை வரவழைத்துப் போட்டி நடத்தினார். 1930இல் சங்கம் அமைத்து விதிகளைச் சீர்செய்தார். எங்கள் பயிற்சியாளர் எந்த விதியைக் கற்றுத்தந்தாலும், "இது மருத்துவர் சொன்னது" என்று சேர்த்துக்கொள்வார். மருந்துச் சீட்டைக் கையில் கொடுப்பதுபோல இருக்கும்.

உடை எளிமையானது. ரோஷெத் என்ற தடித்த வெள்ளைச் சட்டை, இடுப்பில் கச்சை, முழங்கால் வரை கறுப்புக் கால்சட்டை, வெறுங்கால். என் முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது. சங்கம் இரவல் தரும் சட்டைகளை ஒழுங்காகத் துவைப்பதில்லை. நவம்பர் மாதத்து ஈரத்தில் மூட்டையாகக் கட்டிவைத்த சட்டையின் வாசனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை நானே மூட்டையை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்தேன். அதற்குப் பிறகு அது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. பாராட்டி ஒரு பாட்டில் சைடர் என்ற ஆப்பிள் மது கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குறை, உடை மாற்ற ஒரே அறைதான். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு என்று வரிசை. இதில் பதினைந்து நிமிடங்கள் போய்விடுகின்றன. மூன்றாவது, மின்னஞ்சலுக்குப் பதில் வராது. நேரில் போங்கள், பேசத் தொடங்கினால் விடமாட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் வகுப்புக்குக் கார்ன்வாலிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். தன் ஊர்ச் சட்டையைக் கொண்டுவந்திருந்தார். கித்தான் துணி, தளர்வு, முன்பக்கம் கயிற்று முடிச்சு. அவர்கள் கணக்கில் இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று நான்கு முனைகள். அவற்றில் மூன்று தரையில் பட்டால் வெற்றி. நல்ல ஆட்டம் என்றால் நேர்மையான ஆட்டம் என்பது அவர்கள் சங்கத்தின் முழக்கமாம். மனிதர் மென்மையாகப் பேசினார், என்னை மிக வன்மையாக எறிந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஸ்காட்லாந்தின் மற்போரான பேக்ஹோல்டை ஒரே ஒரு மாலை முயன்று பார்த்தோம். பிரெத்தாஞ், ஸ்காட்லாந்து போன்ற கெல்டிக் நாடுகளுக்கிடையிலான போட்டியில் கூரெனோடு அதுவும் உண்டு. எதிராளியின் வலத் தோளில் தாடையை வைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். கை விட்டுப்போனாலும் தோல்வி, பாதத்தைத் தவிர எது தரையில் பட்டாலும் தோல்வி. அதாவது அங்கே மீசையில் மண் ஒட்டினாலும் கதை முடிந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை. என் திறமை முழுவதும் குப்புற விழுவதில்தான் இருக்கிறது.

கோடையில் வகுப்பு மெத்தையிலிருந்து வெளியே போகிறது. புல்வெளியில் மரத்தூளைக் கொட்டிக் கோதா அமைக்கிறார்கள். பழைய முறைப்படி நடக்கும் போட்டி ஒன்றுக்கு ஜூன் மாதத்தில் எங்களையும் அழைத்துப் போனார்கள். பரிசை எடுத்துக்கொண்டு ஒருவர் கோதாவைச் சுற்றி வருகிறார், அதுதான் சவால். யாரும் தடுக்காவிட்டால் பரிசு அவருக்கே. பெரிய பரிசு உயிருள்ள செம்மறிக் கிடா. வென்றவர் அதைத் தோளில் சுமந்து வந்தபோது, கிடாவின் முகத்தில் இருந்த சலிப்பைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒன்றாக நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். வஞ்சகமும் முரட்டுத்தனமும் இல்லாமல், என் மானத்துக்காகவும் என் நாட்டின் மானத்துக்காகவும் மல்லாடுவேன்; முன்னோர் வழக்கப்படி என் கையையும் கன்னத்தையும் எதிராளிக்கு நீட்டுகிறேன் என்பது அதன் சாரம். 'என் நாடு' என்ற இடத்தில் எனக்கு நாக்கு கொஞ்சம் இடறியது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் குரலை உயர்த்தி என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று என் எதிராளி ஓர் ரொட்டிக்கடைக்காரர். நான்கு முறை தூக்கினார். மூன்று முறை குப்புற விழுந்து, வாயெல்லாம் மரத்தூளோடு எழுந்தேன். ஓரத்தில் இருந்த கிழவர்கள் 'நேத்ரா!' என்று உற்சாகமாகக் கத்தினார்கள். நான்காவது முறை திரும்ப நேரமில்லை. வானம் தெரிந்தது.

ஆண்டுக்கு நான் கட்டியது 130 யூரோ. உடற்தகுதிக் கேள்விகளும் உண்டு. பழைய முழங்கால் வலி இருந்தால் மறைக்காதீர்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன், குறைத்த ஒன்று துவைக்காத சட்டைக்காக. செப்டம்பரில் மறுபடியும் சேரப் போகிறேன். இந்த முறை சொந்த ரோஷெத் வாங்கிவிட்டேன். மற்றவர்களின் மூட்டை இன்னும் எங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.