75 இன்ச் பேனல், கேட்காத ‘லப்-டப்’

ஓசூரில் நர்சிங் டியூட்டராக இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: “எங்க காலேஜ்லயும் கிளாஸ்ல மாட்ட பெரிய டச் ஸ்க்ரீன் பேனல் வாங்கப் போறாங்களாம், உங்களுது எப்படிடி இருக்கு?” கேட்ட நேரம் சரியில்லை. பெங்களூரில் நான் பாடம் எடுக்கும் நர்சிங் வகுப்பின் பேனல் வாரண்டி முடிந்த கையோடு படுத்து, ரிப்பேர் பில்லோடு அப்போதுதான் எழுந்திருந்தது.

திரை பளிச். டச்சும் குறையில்லை. ரிப்பேர் செலவைக்கூட மறந்துவிடுவேன். என் கோபமெல்லாம் அதன் ஸ்பீக்கர் மேல்.

இதய ஒலிகளின் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. ‘லப்-டப்’புக்கு அடுத்து சிலருக்குக் கேட்கும் மூன்றாம் ஒலி இன்னும் தாழ்ந்தது. நோயாளியிடமே ஸ்டெதாஸ்கோப்பின் பெல் என்ற கிண்ண வடிவப் பக்கத்தை அழுத்தாமல் வைத்தால்தான் பிடிபடும். பேனலுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. இதய ஒலி கிளிப்பைப் போட்டால் வகுப்பு முழுக்க ‘உஸ்’ என்ற இரைச்சல்தான். ஆனால் ஆஸ்துமா நோயாளியின் வீஸ், அதாவது மூச்சில் வரும் விசில் சத்தம், கீச்சென்று கடைசி பெஞ்ச் வரை போகும். நுரையீரல் உண்டு, இதயம் கிடையாது. அப்படி ஒரு பேனல்.

புகார் கொடுத்தோம். டெக்னீஷியன் வந்து ஒரு குத்துப்பாட்டை முழு வால்யூமில் அலறவிட்டு, “சவுண்ட் சூப்பரா இருக்கே மேடம்” என்று சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். இதய ஒலி கிளிப்பைப் போட்டுக் காட்டினேன். “ரெக்கார்டிங்லதான் பிரச்சினை” என்றார். அதே கிளிப் என் போனில் இயர்போன் மாட்டினால் தெளிவாகக் கேட்கிறது. அதையும் அவர் காதில் வைத்தேன். சிரித்தார், போய்விட்டார்.

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வூஃபரோடு ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கி வந்து மாட்டினோம். லட்சக்கணக்கில் கொட்டிய பொருளுக்கு, கைக்காசில் ஒரு காது. ‘லப்-டப்’ இப்போது வருகிறது. மூன்றாம் ஒலிக்கு அதுவும் போதவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி, இயர்போனில் கேட்கச் சொல்கிறேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஸ்டெரைல் கிளவுஸை (கிருமி நீக்கிய கையுறையை) வெளிப்பக்கம் தோலில் படாமல் போடக் கற்றுக்கொடுப்பது முன்பெல்லாம் முன்வரிசைக்கு மட்டும் கிடைத்த தரிசனம். இப்போது மாணவிகள் போடுவதைப் போனில் எடுத்து, பேனலில் பாதி வேகத்தில் ஓட்டுகிறோம். முதல் கிளவுஸ் சரியாகப் போய்விடும். இரண்டாவதன் மடிப்புக்குள் விரல்களை நுழைத்து இழுக்கும்போதுதான், கிளவுஸ் போட்ட கட்டைவிரல் லேசாக மணிக்கட்டுத் தோலை உரசும். நேரில் பார்த்தால் என் கண்ணுக்கே தப்பிவிடும். பாதி வேகத்தில் வகுப்பே கத்துகிறது: “மேம், கட்டைவிரல்!” நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. கேரளா, மணிப்பூர், தருமபுரி, ராய்ச்சூர் என்று கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் என் ஆங்கிலம் செய்யாததை அந்த ஒரு நிறுத்தின காட்சி செய்கிறது. இதற்காகவே அந்த இயந்திரத்தைக் கும்பிடலாம்.

இதை எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி) வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் 5-லிருந்து 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 அழுத்தம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒப்பிக்கிறார்கள். மேனிகின் என்ற பயிற்சி பொம்மை மேல் கை வைத்தால் பாதி ஆழம்கூடப் போவதில்லை. 2021-ல் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு, அதாவது நோயாளிக்குப் பதில் பொம்மை போன்றவற்றில் பழகுவதற்கு, இடம் கொடுத்தது. அதைக் காட்டிக் கேட்டால் நிர்வாகங்கள் மேனிகினை விட்டுவிட்டுத் திரையைத்தான் முதலில் வாங்குகின்றன. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் கண்ணில் படுவது அதுதானே!

என்னைக் கேட்டால், வாங்க வேண்டாம். இருக்கிற ப்ரொஜெக்டரிலும் பாதி வேகத்தில் ஓட்டலாம். மிச்சக் காசில் அழுத்தின ஆழத்தைக் காட்டும் மேனிகின்கள் வாங்குங்கள். கட்டைவிரலைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று தோழி நினைப்பாள். நினைக்கட்டும், பில் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

நிர்வாகம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்றால் ஒன்று செய். டெமோ அன்று விற்பனைக்காரரைப் பாட்டுப் போட விடாதே. பென் டிரைவில் மூன்றாம் இதய ஒலியைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்.